ஒரு சொல்லுக்காகப் பிரிந்த சபை

“இந்தக் கூடத்தில் அமர்ந்தா மாமா ஒரு நாட்டையே ஆண்டார்கள்?”

என் சகோதரியின் மகன் வியப்போடு கேட்ட கேள்வி இது. கேட்ட இடம், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ‘காங்கிரஸ் ஹால்’ என்று வழங்கும் செங்கல் கட்டடத்தின் கீழ்த்தளம். நீதிமன்றத்துக்கென்று 1787-ல் தொடங்கி 1789-ல் கட்டி முடிக்கப்பட்ட அந்த இரண்டடுக்குக் கட்டடத்தில்தான் 1790 முதல் 1800 வரை பத்தாண்டுகள் அமெரிக்க நாடாளுமன்றம் கூடியது. கீழே பிரதிநிதிகள் சபை, மேலே செனட். மேல்சபை என்ற பெயர் அங்கே மாடிப்படி ஏறும் எவருக்கும் எளிதில் விளங்கிவிடும்.

அவன் அந்நகருக்கு எதிர்க்கரையில், நியூ ஜெர்சி மாநிலத்தில், கணினித் துறையில் பணியாற்றுகிறான். ஐந்தாண்டுகள் அங்கே வாழ்ந்தும் இக்கட்டடத்துக்குள் அவன் காலடி வைத்ததில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அக்டோபர் மாதம், உறவினரைக் காணச் சென்றிருந்த நான்தான் அவனை இழுத்துச் சென்றேன்.

அதற்குக் காரணம் உண்டு. நான் பட்டப்படிப்பில் வரலாறு பயின்றவன். அமெரிக்க வரலாறு எங்களுக்கு ஒரு தாள். “ஹாமில்டன், ஜெபர்சன் ஆகிய இருவரின் கொள்கை வேறுபாடுகளை விளக்குக” என்ற வினா ஆண்டுதோறும் தவறாமல் வரும். விடைத்தாளின் நடுவே ஒரு கோடு கிழித்து, இடப்புறம் ஹாமில்டன்: வலிமையான மத்திய அரசு, வங்கி, வணிகம், வலப்புறம் ஜெபர்சன்: மாநில உரிமை, உழவு, சிக்கனம் என்று எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறேன். அந்தக் கோடு எத்துணைக் கோணலானது என்பதை அறிய இருபது ஆண்டுகளையும் ஒரு பெருங்கடலையும் கடக்க வேண்டியிருந்தது.

டெலவேர் ஆற்றுப் பாலத்தின் மீது ரயில் ஊர்ந்து செல்கையில் நகரம் கண்ணாடி மாளிகைகளாகத்தான் தெரிந்தது. எட்டாம் தெருவில் இறங்கிக் கிழக்கு நோக்கி நடந்ததும் காட்சி மாறிற்று. செங்கல் சுவர்கள், வெள்ளைச் சாளரங்கள், மரங்களின் பெயர் தாங்கிய தெருக்கள். செஸ்ட்நட் தெருவில், மணிக்கூண்டோடு நிற்கும் சுதந்திர மண்டபத்தின் மேற்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல் நிற்பதுதான் நான் மேலே சொன்ன காங்கிரஸ் ஹால். ஆயினும் கதையைப் புரிந்துகொள்ளச் சுதந்திர மண்டபத்துக்குள்தான் முதலில் நுழைய வேண்டும்.

பச்சைத் துணி விரித்த மேசைகள், எளிய மர நாற்காலிகள், எதிரே தலைவருக்கென உயர்ந்த முதுகுடைய ஒரு நாற்காலி. அதன் உச்சியில் பாதிச் சூரியன் ஒன்று செதுக்கப்பட்டுள்ளது. 1787 மே 25 முதல் செப்டம்பர் 17 வரை வாஷிங்டன் அந்நாற்காலியில் அமர்ந்து அரசியல் சட்ட மாநாட்டை நடத்தினார். வெளியே செய்தி கசியலாகாது என்பதற்காகக் கோடைப் புழுக்கத்திலும் கதவுகளை அடைத்துக்கொண்டு பேசினார்களாம். அதற்கு முன்பிருந்த ஏற்பாட்டின்படி மத்திய அரசுக்கு வரி விதிக்கும் அதிகாரம் கிடையாது. மாநிலங்களிடம் பணம் கேட்கலாம். அவை கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் இல்லை. போரில் வாங்கிய கடனைத் தீர்க்கவும் வழியில்லை. இந்நிலையை மாற்றவே கூடினார்கள். வந்தவர்கள் 55 பேர், கையொப்பமிட்டவர்கள் 39 பேர். இறுதிநாளில் அவையில் இருந்தும் கையொப்பமிட மறுத்தவர்கள் மூவர். அவர்களுள் விர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன் சொன்ன காரணம் குறிப்பிடத்தக்கது. மக்களின் அடிப்படை உரிமைகளைப் பட்டியலிடாமல் இவ்வளவு அதிகாரத்தை ஓர் அரசிடம் ஒப்படைக்கலாகாது என்றார் அவர். 81 வயது பிராங்க்ளின் மட்டும் அந்த நாற்காலிச் சூரியனைக் காட்டி, இது எழுகிறதா சாய்கிறதா என்று இத்தனை நாளாக விளங்காதிருந்தேன், எழும் சூரியன்தான் என்று இப்போது தெரிந்துகொண்டேன் என்னும் பொருள்படப் பேசி மகிழ்ந்தார்.

எழும் சூரியன் என்பதை எல்லாரும் ஒப்பவில்லை. மாநிலங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே கூடி வாக்களித்தபோது மாசசூசெட்ஸில் 187-க்கு 168, விர்ஜீனியாவில் 89-க்கு 79, நியூயார்க்கில் 30-க்கு 27, ரோட் ஐலண்டில் 34-க்கு 32. நூலிழையில் பிழைத்த சட்டம் அது! ஆதரித்தவர்கள் பெடரலிஸ்டுகள் எனப்பட்டனர். அவர்களுக்காக ஹாமில்டன், மேடிசன், ஜே ஆகிய மூவரும் ஒரே புனைபெயரில் 85 கட்டுரைகள் எழுதிக் குவித்தார்கள். இந்த மேடிசனை வாசகர்கள் மறந்துவிட வேண்டாம். சற்று நேரத்தில் இவரை எதிர்ப்பக்கத்தில் சந்திக்கப் போகிறோம்.

இங்கே நம் வாசகர்கள் அறியத்தக்க ஒரு செய்தி. மத்திய அரசின் பதவிகளுக்குச் சமயத் தகுதி எதுவும் கேட்கலாகாது என்று அந்தச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. 1788 ஜூலையில் வட கரோலினா மாநாட்டில் இவ்விதி விவாதத்துக்கு வந்தது. இதனால் முஸ்லிம்கள்கூடப் பதவிக்கு வந்துவிடக்கூடுமே என்னும் அச்சத்தைச் சிலர் எழுப்பினர். ஜேம்ஸ் ஐரடெல் என்பவர் எழுந்து, ஒரு சமயத்தாரை விலக்கத் தொடங்கினால் பிறகு யாரை விலக்காமல் இருப்பது என்னும் கருத்துப்பட விடையளித்தார். அக்காலத்தில் அந்நாட்டில் இருந்த முஸ்லிம்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். அவர்களை மனத்தில் வைத்து அந்த அவையில் யாரும் பேசவில்லை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இனிக் காங்கிரஸ் ஹாலுக்குத் திரும்புவோம்.

கீழ்த்தளத்தில் அரைவட்டமாக மேசைகள், தோல் போர்த்திய நாற்காலிகள். 1793-க்குப் பின் இச்சபையின் உறுப்பினர் எண்ணிக்கை நூற்றைத் தாண்டிற்று. தோளோடு தோள் உரசித்தான் அமர்ந்திருக்க வேண்டும். இத்துணை நெருக்கத்தில் இருந்துகொண்டா இத்துணைத் தூரம் விலகினார்கள் என்று எனக்குத் தோன்றிற்று.

விலகலின் தொடக்கம் ஒரு வங்கி. நிதியமைச்சர் ஹாமில்டன் 1790 டிசம்பரில் ஒரு தேசிய வங்கிக்கான திட்டத்தை அளித்தார். மூலதனம் ஒரு கோடி டாலர். அதில் ஐந்தில் ஒரு பங்கு அரசுடையது, எஞ்சியது தனியாருடையது. ஆயுள் 20 ஆண்டுகள். செனட் ஏற்றது. கீழ்ச்சபையில் மேடிசன் எழுந்தார். ஆம், சட்டத்தை ஆதரித்துக் கட்டுரை எழுதிய அதே மேடிசன். வங்கி நிறுவும் அதிகாரம் அரசியல் சட்டத்தில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்றார். 1791 பிப்ரவரி 8-ல் 39-க்கு 20 என்ற கணக்கில் மசோதா நிறைவேறியது. எதிர்த்த இருபதின்மரில் ஏறக்குறைய அனைவரும் தென்மாநிலத்தவர்.

வாஷிங்டனுக்கு ஐயம் வந்துவிட்டது. கையொப்பமிட அவருக்குப் பத்து நாள் அவகாசம். அமைச்சர்களிடம் எழுத்தில் கருத்துக் கேட்டார். சட்ட அமைச்சர் ராண்டால்ஃபும் வெளியுறவு அமைச்சர் ஜெபர்சனும் கூடாது என்றனர். ஹாமில்டன் மிக நீண்ட பதில் எழுதிக் கூடும் என்றார். சண்டை முழுவதும் ஒரு சொல்லைச் சுற்றியது. தனக்கு அளிக்கப்பட்ட அதிகாரங்களைச் செயற்படுத்தத் ‘தேவையான’, முறையான சட்டங்களை நாடாளுமன்றம் இயற்றலாம் என்கிறது அரசியல் சட்டம். தேவையானது என்றால் என்ன? எது இல்லாவிட்டால் அந்த அதிகாரமே பயனற்றுப் போகுமோ அதுதான் தேவையானது. வசதியானதெல்லாம் தேவையானதாகிவிடாது என்றார் ஜெபர்சன். அன்றாட வழக்கில் பயனுள்ளது, உதவுவது, ஏற்றது என்பதற்கெல்லாம் அச்சொல்லைத்தானே ஆள்கிறோம் என்றார் ஹாமில்டன்.

ஒரு சொல்லின் எல்லை எதுவரை என்று நாள்கணக்கில் வாதிடுவது மத்ரஸாவில் பாடம் நடத்துகிற என்னைப் போன்றவனுக்குப் புதிதன்று. சொல்லை மட்டும் பற்றி நிற்பவரும், சொன்னதன் நோக்கத்தைத் தேடிச் செல்பவரும் எல்லா மரபிலும் உண்டு. ஆகவே அந்த மேசைகளின் முன் நின்றபோது எனக்கு அயல்நாட்டில் நிற்கும் உணர்வே இல்லை.

1791 பிப்ரவரி 25-ல் வாஷிங்டன் கையொப்பமிட்டார். வங்கி பிறந்தது. அதோடு கட்சிகளும் பிறந்தன என்று சொன்னால் பெரும் பிழையாகாது.

வேடிக்கை யாதெனில், கட்சி என்ற சொல்லையே அவர்கள் வெறுத்தார்கள். கட்சியோடுதான் சொர்க்கம் புக முடியும் என்றால் தாம் அங்கே போகவே போவதில்லை என்று ஜெபர்சன் 1789-ல் ஒரு பிலடெல்பியா நண்பருக்கு எழுதியிருந்தார். அவரே, ஹாமில்டனை ஆதரித்த ஒரு பத்திரிகைக்கு எதிராக, பிலிப் ஃப்ரெனோ என்னும் கவிஞரைக் கொண்டு 1791 அக்டோபரில் இன்னொரு பத்திரிகை தொடங்க ஊக்கமளித்தார். ஃப்ரெனோவுக்கு ஜெபர்சனின் அமைச்சகத்திலேயே மொழிபெயர்ப்பாளர் வேலை, ஆண்டுக்கு 250 டாலர் சம்பளம்! அரசின் பணத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு அரசைத் தாக்கிய அந்த ஏற்பாட்டை ஹாமில்டன் கண்டுபிடித்து ஊரறியச் செய்தார். அவரும் புனைபெயருக்குள் ஒளிந்துகொண்டுதான் அதைச் செய்தார்.

1791-ல் சாராயத்தின் மீது விதித்த வரியை மேற்குப் பென்சில்வேனியாவின் உழவர்கள் 1794-ல் எதிர்த்துக் கிளர்ந்தபோது ஏறக்குறைய 13,000 பேர் கொண்ட படையைத் திரட்டி வாஷிங்டனே ஒரு பகுதி வழி உடன் சென்றார். பிறகு, பிரிட்டனுடன் செய்த உடன்படிக்கை. பிரெஞ்சுப் புரட்சியை வாழ்த்துவதா வெறுப்பதா என்ற சண்டை. ஹாமில்டன் பக்கத்தார் பெடரலிஸ்ட் கட்சி, ஜெபர்சன், மேடிசன் பக்கத்தார் குடியரசுக் கட்சி. (இன்றைய அமெரிக்கக் குடியரசுக் கட்சி வேறு. அது 1854-ல் தோன்றியது.) 1796 செப்டம்பரில் பிலடெல்பியா நாளேடு ஒன்றில் வெளிவந்த வாஷிங்டனின் விடைபெறும் உரை, கட்சி வெறியைப் பற்றி நாட்டை எச்சரித்தது. அவ்வுரையை எழுத உதவியவர் யார் தெரியுமா? ஹாமில்டன்!

எங்களை அழைத்துச் சென்ற பூங்காத் துறைக் காவலர் சபையின் ஒரு பக்கத்தைக் காட்டி, இங்கேதான் எச்சில் துப்பினார்கள் என்றார். கூட்டம் சிரித்தது. 1798 ஜனவரி 30-ல் வெர்மான்ட் மாநிலத்தின் மேத்யூ லயன் என்ற குடியரசுக் கட்சிக்காரர், தம்மை இழித்துரைத்த கனெக்டிகட்டின் ராஜர் கிரிஸ்வால்டு முகத்தில் துப்பிவிட்டார். லயனை நீக்கப் போதிய வாக்குக் கிடைக்கவில்லை. பிப்ரவரி 15 காலை கிரிஸ்வால்டு கைத்தடியோடு வந்து லயனை விளாச, லயன் கணப்படுப்பு இடுக்கியை எடுத்துக்கொண்டு பாய்ந்தார். நாட்டின் சட்டங்களை இயற்றும் அவையில்!

“இப்போது தொலைக்காட்சியில் பார்க்கிறவர்கள் எவ்வளவோ மேல் மாமா” என்றான் மருமகன்.

ஆனால் அந்த எச்சிலைவிட அருவருப்பான செயல் அதே ஆண்டு அதே அவையில் நடந்தது. பிரான்சோடு போர் மூளும் என்ற அச்சத்தைப் பயன்படுத்திப் பெடரலிஸ்டுகள் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அரசையோ நாடாளுமன்றத்தையோ குடியரசுத் தலைவரையோ பழித்துப் பொய்யாக எழுதினால் சிறை, அபராதம். 44-க்கு 41 என்ற கணக்கில் நிறைவேறிய அச்சட்டத்தில் 1798 ஜூலை 14-ல் ஆடம்ஸ் கையொப்பமிட்டார். அதன் வாசகத்தை ஊன்றிப் படித்தால் இரண்டு நுட்பங்கள் தெரியவரும். ஒன்று, பாதுகாக்கப்பட்டவர் பட்டியலில் துணைக் குடியரசுத் தலைவர் இல்லை. அப்போது அப்பதவியில் இருந்தவர் ஜெபர்சன். அவரை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் ஏசலாம்! இரண்டு, ஆடம்ஸின் பதவிக்காலம் முடிவதை ஒட்டி, 1801 மார்ச் 3-ல், சட்டமும் தானே காலாவதியாகும். எதிர்க்கட்சி வந்தால் அதே வாளைத் தம்மீது வீசிவிடக்கூடாதே! வாள் செய்தவர்களுக்கே அதன் கூர்மை நன்கு தெரிந்திருந்தது.

அச்சட்டத்தின்கீழ் முதலில் சிறை சென்றவர் நம் லயன்தான். நான்கு மாதச் சிறை, ஆயிரம் டாலர் அபராதம். சிறையிலிருந்தபடியே தேர்தலில் நின்று வென்று அதே அவைக்குத் திரும்பினார். அவர் கட்டிய அபராதத்தை, அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1840-ல் நாடாளுமன்றம் அவருடைய வாரிசுகளுக்குத் திருப்பிக் கொடுத்தது. பிராங்க்ளினின் பேரரான பெஞ்சமின் பாஷ் இந்நகரில் குடியரசுக் கட்சிக்காக ஏடு நடத்தியவர். அச்சட்டம் வருமுன்பே கைதாகி, வழக்கு முடிவதற்குள் 1798 செப்டம்பர் 10-ல் மஞ்சள் காய்ச்சலால் இறந்தார். அவரை நாள்தோறும் ஏசிவந்த பெடரலிஸ்ட் ஏட்டின் ஆசிரியர் ஜான் ஃபென்னோ அதே காய்ச்சலால் நான்கே நாள் கழித்து இறந்தார்.

ஜெபர்சனும் மேடிசனும் தங்கள் பெயரை மறைத்து, கென்டக்கி, விர்ஜீனியா மாநில அவைகளில் தீர்மானங்கள் நிறைவேற வழி செய்தார்கள். மத்திய அரசு எல்லை மீறினால் அதைச் சொல்லும் உரிமை மாநிலங்களுக்கு உண்டு என்பது அவற்றின் சாரம். அன்றைக்கு அது பேச்சுரிமையின் குரல். முப்பது ஆண்டுகள் கழித்துத் தென் கரோலினா, மத்தியச் சட்டத்தைத் தன் மண்ணில் செல்லாததாக்க அதே ஏட்டைத் தூக்கிக்கொண்டு வந்தது. முதிய மேடிசன் தாம் அப்படிச் சொல்லவில்லை என்று மறுத்து மறுத்து ஓய்ந்தார்.

மாடியேறினோம். செனட் கூடம் கீழ்க்கூடத்தினும் பகட்டானது. செந்நிற நாற்காலிகள், மாநிலச் சின்னங்கள் நெய்த கம்பளம். வாஷிங்டன் இரண்டாம் முறை பதவியேற்றது இங்கேதான். அன்று அவர் ஆற்றிய உரை 135 சொற்களே கொண்டது என்று அறிந்ததும் அம்மனிதர் மீது எனக்கு மதிப்புக் கூடிற்று! 1797 ஜூன் 7-ல் திரிப்போலியுடனான உடன்படிக்கையை எதிர்ப்பின்றி ஏற்றதும் இவ்வறையில்தான். அமெரிக்க அரசு கிறிஸ்தவ மார்க்கத்தின் மீது நிறுவப்பட்டதன்று என்றும், முஸ்லிம்களின் சட்டத்தோடோ மார்க்கத்தோடோ அதற்குப் பகை இல்லை என்றும் அதில் எழுதியிருக்கிறது. எதையெடுத்தாலும் இரண்டாகப் பிளந்த அந்த அவை, இதில் பிளவுபடவில்லை.

அப்படிப் பிளவில்லாமல் அவர்கள் ஒன்றுபட்ட இன்னோர் இடமும் உண்டு. அதைக் காண வடக்கே ஒரு தெரு தள்ளி, ஆறாம் தெருவும் மார்க்கெட் தெருவும் கூடும் முனைக்குச் சென்றோம். வாஷிங்டனும் ஆடம்ஸும் குடியரசுத் தலைவர்களாக வாழ்ந்த வீடு அங்கே இருந்தது. வீடு எப்போதோ இடிந்துவிட்டது. கூரையில்லாத செங்கல் சுவர்களால் அதன் உருவை மட்டும் காட்டியிருந்தார்கள். 2007-ல் அகழ்ந்தபோது வெளிப்பட்ட அடித்தளத்தைக் கண்ணாடி வழியே குனிந்து பார்த்தோம். பக்கத்துச் சுவரில் ஒன்பது பெயர்கள். வாஷிங்டன் அங்கே வைத்திருந்த அடிமைகள் அவர்கள்.

ஆறு மாதத்துக்கு மேல் வெளிமாநிலத்தார் ஒருவர் தங்கினால் அவருடைய அடிமைகள் விடுதலை கோரலாம் என்பது பென்சில்வேனியா 1780-ல் இயற்றிய சட்டம். ஆறு மாதம் நிறையுமுன் அவர்களை எல்லை தாண்டி அனுப்பித் திரும்ப அழைத்துக்கொள்வது வாஷிங்டன் கையாண்ட உபாயம். மாநிலச் சட்டத்தை மதிப்பது எப்படி என்று தெருவின் அந்தப் பக்கத்தில் அவை முழங்கிக்கொண்டிருந்த நாள்களில்தான் இது நடந்தது. 1796 மே மாதம், குடும்பத்தார் உணவருந்திக்கொண்டிருந்த வேளையில், ஓனா ஜட்ஜ் என்ற இளம்பெண் அவ்வீட்டிலிருந்து வெளியேறிக் கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயர் போய்ச் சேர்ந்தார். அவரைப் பிடித்துத் தர உதவுமாறு நிதியமைச்சர் வழியாக அவ்வூர்ச் சுங்க அதிகாரிக்குக் கடிதம் போயிற்று. ஒரு வீட்டுப் பெண்ணைத் தேட மத்திய அரசின் சுங்க இலாகா! ஓனா ஜட்ஜ் பிடிபடவேயில்லை. 1848-ல் தம் மரணம் வரை அங்கேயே வாழ்ந்தார்.

மூன்றாண்டுகளுக்கு முன்னரே, 1793 பிப்ரவரியில், ஓடிப்போன அடிமையை எந்த மாநிலத்திலும் பிடித்துச் செல்ல எசமானுக்கு உரிமை தரும் சட்டத்தை நாங்கள் கண்ட அதே கீழ்க்கூடம் நிறைவேற்றியிருந்தது. ஓடியோரைத் திருப்பித் தரவேண்டும் என்ற வாசகம் அரசியல் சட்டத்தில் உண்டு. அதற்கெனச் சட்டமியற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துடையது என்று அதில் எங்கும் எழுதப்படவில்லை. வங்கிக்கு அதிகாரம் எங்கே என்று கேட்டுப் போராடிய அவை, இதற்கு அதிகாரம் எங்கே என்று கேட்டுப் பிளவுபடவில்லை. வாக்கு 48-க்கு 7. என் விடைத்தாளின் நடுவே நான் கிழித்த கோட்டுக்கு இந்த இடத்தில் வேலையே இல்லை.

மருமகன் நெடுநேரம் அந்தக் கண்ணாடியை விட்டு நகரவில்லை. பிறகு, “ஜெபர்சன் ஆட்சிக்கு வந்து என்ன செய்தார் மாமா?” என்று கேட்டான். நடந்துகொண்டே சொன்னேன்.

1800 தேர்தலில் பெடரலிஸ்டுகள் தோற்றார்கள். ஆனால் வென்ற கட்சிக்குள்ளேயே ஜெபர்சனுக்கும் ஆரன் பர்ருக்கும் ஆளுக்கு 73 வாக்குகள். முடிவு செய்யும் பொறுப்பு, அதற்குள் வாஷிங்டன் நகருக்குக் குடிபெயர்ந்துவிட்ட பிரதிநிதிகள் சபையின் கையில், அதாவது தோற்றவர்கள் இன்னும் வலுவாக இருந்த சபையின் கையில் விழுந்தது. 35 சுற்று வாக்கெடுப்பில் முடிவில்லை. ஹாமில்டன் தம் கட்சியாருக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். யாருக்காக? ஜெபர்சனுக்காக! கொள்கையற்ற பர்ரைவிடத் தவறான கொள்கையுடைய ஜெபர்சன் மேல் என்பது அவர் கணிப்பு. 1801 பிப்ரவரி 17-ல், 36-ஆம் சுற்றில், டெலவேரின் பேயர்டு முதலிய பெடரலிஸ்டுகள் ஒதுங்கி வழிவிட்டனர். மார்ச் 4 விடியுமுன் ஆடம்ஸ் ஊரைவிட்டே புறப்பட்டுவிட்டார், விழாவுக்கு நிற்கவில்லை. ஆனால் நாற்காலியைக் காலியாக விட்டுச் சென்றார். ஹாமில்டனை 1804-ல் துப்பாக்கிச் சமரில் சுட்டு வீழ்த்தியவர் அந்தப் பர்ர்தான்.

ஜெபர்சன் பழைய சட்டத்தால் தண்டிக்கப்பட்டோரை மன்னித்தார், சாராய வரியை நீக்கினார். அதுவரை என் விடைத்தாள் சரி. 1803-ல் பிரான்சிடமிருந்து லூசியானா நிலப்பரப்பு விலைக்கு வந்தது. ஒன்றரைக் கோடி டாலருக்கு நாட்டின் பரப்பு ஏறத்தாழ இரு மடங்கு! நிலம் வாங்கும் அதிகாரம் அரசியல் சட்டத்தில் எங்கே? ஜெபர்சனுக்கே அந்த ஐயம் வந்தது. சட்டத்திருத்தம் ஒன்று எழுதியும் பார்த்தார். நாள் கடத்தினால் பேரம் கைநழுவும் என்று ஐயத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு வாங்கினார். 1807-ல் அயல்நாட்டுத் துறைமுகங்களுக்கு அமெரிக்கக் கப்பல்கள் எவையும் புறப்படலாகாது என்று அவர் கொண்டுவந்த தடைச் சட்டத்தைப் போல் மக்கள் வாழ்வில் ஆழக் கைவைத்த சட்டம் ஹாமில்டன் காலத்தில்கூட இல்லை. துறைமுகங்கள் பட்டுப்போன நியூ இங்கிலாந்தில், மத்திய அரசின் அத்துமீறல், மாநில உரிமை என்ற முழக்கம் எழுந்தது. முழங்கியவர்கள் பெடரலிஸ்டுகள்! 1814 டிசம்பரில் ஹார்ட்பர்டில் மாநாடே கூட்டினார்கள்.

இதற்குள் மூன்றாம் தெருவுக்கு வந்திருந்தோம். 1797-ல் கட்டி முடித்த முதல் தேசிய வங்கியின் மாளிகை. நெற்றியில் மரத்தில் செதுக்கிய கழுகு. உள்ளே செல்ல அன்று வாய்ப்பில்லை. படிக்கட்டின் கீழ் நின்றபடியே எஞ்சிய கதையைச் சொன்னேன். 1811-ல் இவ்வங்கியின் ஆயுளை நீட்டிக்கும் மசோதா கீழ்ச்சபையில் ஒரே வாக்கில் தோற்றது. செனட்டில் 17-க்கு 17. துணைக் குடியரசுத் தலைவர் கிளின்டன் எதிராக வாக்களித்து வங்கியை மூடினார். மறு ஆண்டே பிரிட்டனோடு போர். கையில் பணமில்லை, மாநில வங்கிகளின் தாள்களுக்கு மதிப்பில்லை. 1816-ல் மூன்றரைக் கோடி டாலர் மூலதனத்தில் இரண்டாம் தேசிய வங்கிக்கான சட்டத்தில் குடியரசுத் தலைவர் கையொப்பமிட்டார். அந்தக் குடியரசுத் தலைவர் மேடிசன்.

“கட்டுரை எழுதியவர், எதிர்த்துப் பேசியவர், கையொப்பம் போட்டவர் மூவரும் ஒருவரேவா?” என்று சிரித்தான் மருமகன்.

மேடிசன் காற்றுக்கேற்பச் சாய்ந்தவர் என்று சொல்லிவிடுவதும் நியாயமன்று. இருபது ஆண்டுகளாக நாடும் நீதிமன்றங்களும் ஏற்றுப் பழகிவிட்ட ஒன்றை என் தனிக்கருத்தால் மறுக்கலாகாது என்பது அவருடைய விளக்கம். அதே மேடிசன் 1817 மார்ச் 3-ல், பதவியின் இறுதி நாளில், சாலைகளும் கால்வாய்களும் அமைக்கும் மசோதாவை, அதற்கு அதிகாரம் இல்லை என்று திருப்பியனுப்பினார். சாலை மக்களுக்கு நல்லதுதான் என்பதை ஒப்புக்கொண்டே திருப்பினார். இதை நான் தேர்வில் எழுதியதில்லை. எங்கள் பாடநூலில் இருந்ததாகவும் நினைவில்லை.

திரும்பும் வழியில், செஸ்ட்நட் தெருவில், கிரேக்கக் கோயிலைப் போலப் பருத்த வெண்கல் தூண்களோடு அந்த இரண்டாம் வங்கியின் மாளிகை நிற்கிறது. இவ்வங்கியின் பால்டிமோர் கிளைக்கு மேரிலாந்து மாநிலம் வரி போட்டது. கிளையின் காசாளர் மக்கல்லா கட்ட மறுத்தார். 1819-ல் உச்சநீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் அந்தப் பழைய சொல்லையே மீண்டும் கையில் எடுத்தார். சட்டத்தில் ஓரிடத்தில் ‘முற்றிலும் தேவையான’ என்று இருக்கிறது, இவ்விடத்தில் வெறும் ‘தேவையான’ என்றுதான் இருக்கிறது. இரண்டும் ஒன்றாகா என்றார். மேலும், மாநிலங்களுக்கு எஞ்சிய அதிகாரங்களை ஒதுக்கும் பத்தாவது திருத்தத்தில் ‘வெளிப்படையாக’ என்ற சொல் இல்லை. பழைய ஏற்பாட்டில் இருந்த அச்சொல்லைச் சேர்க்க 1789-ல் ஒருவர் முயன்றும் சபை மறுத்திருந்தது. வங்கி செல்லும், வரி செல்லாது என்று தீர்ப்பாயிற்று. எழுதிய சொல் ஒன்றும் எழுதாமல் விட்ட சொல் ஒன்றும் சேர்ந்து ஒரு பேரரசின் எல்லையை வரைந்த அழகில் நான் படிக்கட்டிலேயே சற்று நேரம் நின்றுவிட்டேன். மருமகன் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனான்.

அந்த வங்கியும் நிலைக்கவில்லை. 1832-ல் ஆண்ட்ரூ ஜாக்சன் நீட்டிப்பு மசோதாவைத் திருப்பியனுப்பினார். நீதிமன்றம் செல்லும் என்று சொல்லியிருந்தும், செல்லாது என்பதே தம் கருத்து என்று எழுதினார். பணம் எண்ணிய கூடங்களில் இப்போது அக்காலத்துப் பெரியோரின் ஓவியங்கள் தொங்குகின்றன. சார்லஸ் வில்சன் பீல் என்ற ஓவியர் நேரில் அமர்த்தி வரைந்தவை பல. ஹாமில்டன் இருந்தார். கூரிய விழிகள், ஏதோ ஒரு கணக்கை முடித்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்கும் முகம். சற்று நேரத்தில் மருமகன் தொலைவிலிருந்து கையசைத்தான்.

போய்ப் பார்த்தேன். செம்பட்டை முடியோடு, வங்கிக்கு எதிராகக் கருத்துரை எழுதிய அந்த ஆண்டுகளில் வரையப்பட்ட தோற்றத்தில், ஜெபர்சன்.

“இவரும் வங்கிக்குள்ளேயா மாமா?” என்றான் அவன்.

காவலர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். மூடும் நேரம். வெளியே வந்து எட்டாம் தெரு ரயிலைப் பிடித்தோம்.